என் பெயரில் ஒலித்த குழல்

என் மனைவி வாசித்த இசையை நான் வாசித்ததாக ஊருக்குச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவள் சுவருக்கு அப்பால் குசினியில் நின்றாள். இரண்டாம் தடவை என் கண்ணெதிரே கதிரையில் இருந்தாள். அவள் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நான் எப்படி எழுதினாலும் மறுத்துச் சொல்ல இனி ஒருவரும் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாத்தியம் என்றதும் வீணையையோ வயலினையோ நினைக்க வேண்டாம். அது ஒரு தகரக் குழல். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். தொண்ணூறாம் ஆண்டு, இந்திய இராணுவம் போய், கொழும்புப் பாதை கொஞ்சக் காலம் திறந்திருந்த நாட்களில், ஜேர்மனியிலிருந்த என் மனைவியின் அண்ணன் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பார்சலில் அது வந்தது. சவுக்காரம், சொக்லேட், எனக்கொரு சேட், எங்கள் ஊர் இணுவில் வெயிலில் ஒருநாளும் போட முடியாத ஒரு கம்பளிச் சட்டை அவளுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துணிக் கரடியும் இந்தக் குழலும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அடுத்த பார்சல் வருவதற்குள் எப்படியும் பிறந்துவிடும் என்று அண்ணன் நினைத்திருக்கிறார்.

கரடியை அவள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். குழலை மேசையில் வைத்தாள்.

ஒரு சுருட்டின் நீளமும் பருமனும் இருக்கும். ஒரு முனை தட்டை, மறு முனை வட்டம். நடுவில் முதுகின் மேல் ஒரு சிறிய மூடி. திருகினால் கழன்று வரும். உள்ளே நகத்தளவு மெல்லிய கடதாசி வட்டம் ஒன்று. இரண்டு பேரும் மாறி மாறி ஊதிப் பார்த்தோம். காற்று போனது, சத்தம் வரவில்லை. தட்டையான முனையில் ஊதினோம், வட்ட முனையில் ஊதினோம், மூடியின் மேலும் ஊதினோம்.

எங்கள் ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், எதிர்ப்புறத்தில் ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார். கோயில் கோயிலாக வாசித்தவர், அப்போது வயது அறுபதுக்கு மேல். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன இணுவிலில் வாத்தியத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வேறெங்கே போவது? குழலை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதின்ரை சீவாளி எங்கை மாஸ்டர்?"

"அப்பிடி ஒண்டும் பார்சலிலை வரேல்லை அண்ணை."

"சீவாளி இல்லாமல் குழல் எப்பிடிக் கத்தும்? இந்தக் கடதாசிதான் சீவாளி போலை கிடக்கு." சொல்லிவிட்டு அவர் செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நாதஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளியை வாசிப்பதற்கு முன் எச்சிலில் ஊற வைப்பார்கள் அல்லவா, அந்த வழக்கத்தில் மூடியைக் கழற்றிக் கடதாசியை நாக்கால் நன்றாக நனைத்தார். பிறகு மூடியைப் பூட்டி, கோயில் வெளிவீதிக்குக் கேட்க வேண்டிய மூச்சை எடுத்து ஊதினார். கடதாசி கிழிந்து பறந்தது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, "என்னப்பா, சைக்கிளுக்குக் காத்தடிக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஜேர்மன்காரன் ஊமைக்குழல் செய்து வித்திருக்கிறான்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். வெறும் தகரத்தோடு வீட்டுக்கு வந்தேன். நான் அதை அத்துடன் மறந்துவிட்டேன்.

மறக்காதவள் அவள். சில நாட்களில் மறுபடி சண்டை மூண்டது. மின்சாரம் நின்றது. பற்றரி வருவதை அரசாங்கம் தடைசெய்தது, வானொலிகள் வாயடைத்தன. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஜாம் போத்தலில் ஒரு துளி எண்ணெய் விட்டு விளக்கெரித்த காலம். ஒரு பின்னேரம் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் குசினியில் பலகைக்கட்டையில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தின் தோலுக்கும் சதைக்கும் நடுவே கண்ணாடி போல ஒரு சவ்வு இருக்கும். அதை நகத்தால் பக்குவமாக எடுத்து அம்மியின் விளிம்பில் ஒட்டிக் காயவைத்திருந்தாள்.

"உது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"உங்கடை நாதஸ்வர அண்ணை கிழிச்சதுக்குப் பதில்."

அதைக் குழலின் மூடிக்குள் வைத்துத் திருகி வாயில் வைத்தாள். வழக்கம் போல் சத்தமில்லை. "கொண்டுபோய் இன்னொருக்கா நனைப்பிச்சுக்கொண்டு வரட்டோ?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் குழலோடு சிரித்தாள். குழல் தேனீக் கூட்டம் போல் இரைந்தது.

இருவரும் திடுக்கிட்டோம். அவள் மறுபடி, இம்முறை வேண்டுமென்றே, சிரித்தாள். மறுபடி இரைந்தது. அப்படித்தான் கண்டுபிடித்தோம். அதை ஊதக்கூடாது. தொண்டையிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். மூச்சுக்கு அது பேசாது, குரலுக்குப் பேசும். அவள் குரலை அது வாங்கித் தன் குரலாக்கிக் கொடுத்தது.

அவள் குரலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சின்ன வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து சுகமானபோது அவளுக்குக் குரல் கட்டையாகி, கரகரப்பாகிவிட்டதாம். தென்மராட்சியில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீர் வாயை மட்டும் அசையும் பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பகிடியாகத்தான் என்னிடம் சொன்னாள். ஆனால் எங்கள் வீட்டில் விளக்கு வைத்துத் தேவாரம் பாடும்போதும் அவள் வாயை மட்டும்தான் அசைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பாடும்' என்று நானும் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அவள் தினமும் பின்னேரம் கிணற்றடிக்கு அருகே, வாழைகளுக்கு நடுவில் நின்று வாசித்தாள். முதலில் தேவார மெட்டுகள். பிறகு கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கியில் கேட்ட பழைய சினிமாப் பாட்டுகள். பிறகு ஊஞ்சல் பாட்டு, வயலில் நெல் அருவி வெட்டும்போது சனம் பாடுவது, ஐஸ்கிறீம் வான் போட்டுக்கொண்டு வரும் மெட்டுக்கூட. இத்தனையும் அவளுக்குள் இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை. கரகரப்பு எல்லாம் அந்தக் குழலின் இரைச்சலில் கரைந்துபோய், மெட்டு மட்டும் வெளியே வந்தது. குழலை எடுத்து வைத்துவிட்டு வரும்போது, குளித்துவிட்டு வருபவள் போல் இருப்பாள். வெங்காயச் சவ்வு இரண்டு மூன்று நாளில் வெடித்துவிடும். வேறொன்று காயவைப்பாள். எங்கள் குசினியில் அம்மி அரைக்கப் பயன்பட்டதைவிடச் சவ்வு காயவைக்கத்தான் கூடப் பயன்பட்டது.

வானொலி இல்லாத ஊரில் ஒரு சின்னச் சத்தமும் தூரம் போகும். நான் அதை யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஏதோ அலுவலாக என்னிடம் வந்திருந்தார். அதிபரைக் கண்டு கதைக்க எதிர்வீட்டு நாதஸ்வரக்காரரும் வந்து விறாந்தையில் இருந்தார். அவள் தேநீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மாஸ்டர், கேக்க வேணும் எண்டு இருந்தனான்" என்றார் நாதஸ்வரக்காரர். "பின்னேரத்திலை உங்கடை வளவுக்குள்ளை இருந்து ஒரு சத்தம் வருது. அண்டைக்கு நான் ஊமைக்குழல் எண்டு சொன்ன சாமானோ?"

"ஓம் அண்ணை."

"ஆர் வாசிக்கிறது? சத்தம் வண்டு மாதிரித்தான். ஆனால் சுருதி சுத்தமாக் கிடக்கு. நானும் பெண்சாதியும் வேலை செய்யிறதை விட்டிட்டு நிண்டு கேக்கிறனாங்கள்."

நான் ஒரு மடக்குத் தேநீர் குடித்தேன். "சும்மா, நான்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கு நானே பல காலம் ஒரு காரணம் சொல்லிவந்தேன். மாஸ்டரின் மனைவி வாழைகளுக்குள் நின்று விளையாட்டுக் குழல் வாசிக்கிறாள் என்று அதிபருக்கு முன்னால் சொல்ல வெட்கம் என்பது அந்தக் காரணம். அது பொய். நான் பட்டதாரி, ஊரில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இணுவிலில் பிறந்து வளர்ந்தும் ஒரு மெட்டை நேராகப் பிடிக்கத் தெரியாதவன். திருவிழாவில் சின்னப் பெடியள்கூடத் தாளம் போட, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அந்த மனிதருடைய வாயிலிருந்து 'சுருதி சுத்தம்' என்று வந்த சொல் எனக்கு வேண்டியிருந்தது. கையெட்டும் தூரத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

குசினியில் ஏதோ பாத்திரத்தை மெதுவாக வைக்கும் சத்தம் கேட்டது.

அதிபர் சந்தோசப்பட்டுவிட்டார். "அட, எங்களுக்குத் தெரியாமல் உப்பிடி ஒரு வித்துவானோ! வாணி விழாவுக்கு மைக்கும் இல்லை, பாட்டுப்பெட்டியும் இல்லை எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் வாசிக்கிறியள்."

அவர்கள் போனபின் நான் குசினி வாசலில் போய் நின்றேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வாணி விழாவுக்கு எத்தினை கிழமை கிடக்கு?"

"மூண்டு."

"அப்ப இண்டைக்கே துவங்க வேணும். உங்கடை தொண்டை லேசிலை வராது."

அவள் அழுதிருந்தால், ஏசியிருந்தால், நான் அப்போதே எதிர்வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் என்னைக் காப்பாற்றத் தொடங்கினாள். நான் காப்பாற்றப்பட்டேன்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் நாங்கள் வீட்டின் நடு அறையில் கதவைச் சாத்திவிட்டு இருந்தோம். நான் குழலை வாயில் வைத்ததும் பழக்கத்தில் ஊதிவிடுவேன்.

"ஊதாதேங்கோ. அடுப்பே ஊதுறியள்? கதையுங்கோ."

"வாயிலை குழலை வைச்சுக்கொண்டு என்னத்தைக் கதைக்கிறது?"

"'தூ' எண்டு சொல்லுங்கோ. காறித் துப்புற தூ இல்லை. பிள்ளையைத் தூங்கப் பண்ணுற தூ."

சொல்லிவிட்டுப் பாயின் விளிம்பை நீவினாள். நான் 'தூ' என்றேன். குழல் இரைந்தது. இரைச்சல் வந்தது பெரிய காரியமில்லை, மெட்டு வர வேண்டும். அவள் ஒரு தேவார மெட்டைத் தெரிந்தெடுத்தாள், அதில் ஏற்ற இறக்கம் குறைவு என்று.

"மேலை போற இடத்திலை படி ஏறுற மாதிரி ஒவ்வொண்டா ஏறுறியள். அதிலை படி இல்லையப்பா. வழுக்கிக்கொண்டு போக வேணும்."

"வழுக்கினால் விழுந்திடுவன்."

"விழுங்கோ. நான் இஞ்சைதானே இருக்கிறன்."

ஆனால் எப்படி வழுக்குவது என்று குழலில் வாசித்துக் காட்ட அவளால் முடியவில்லை. இரண்டு பேர் வாசிப்பது எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஒருவர் நன்றாகவும் மற்றவர் மோசமாகவும் வாசிப்பதும் தெரிந்துவிடும். ஆகவே அவள் எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, வாயை என் காதுக்கு அருகே கொண்டுவந்து, தன் வெறுங்குரலில் பாடிக்காட்டினாள்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அன்றுதான் அவள் பாடி நான் கேட்டேன். கரகரப்பான, கீழே கிடக்கும் குரல். புது ஓலைப் பாயில் கையைத் தடவும்போது கேட்குமே, அந்த மாதிரி. ரகசியம் சொல்வது போல் அடக்கிப் பாடினாள், ஆனாலும் ஒவ்வொரு இடத்துக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்தாள். நான் மெட்டைக் கவனிக்காமல் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "எங்கை, சொல்லுங்கோ பாப்பம்" என்பாள். நான் தடுமாறுவேன். "உங்களுக்குக் காது இல்லை" என்று என் காதைப் பிடித்து இழுப்பாள். மறுபடி பாடுவாள். தெரிந்த இடத்தையும் தெரியாதது போல் நடித்து அவளை மறுபடி பாட வைத்ததுண்டு. அவளுக்கு அது விளங்கியதா, தெரியாது.

என் வாழ்க்கையில் எந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று கேட்டால் அந்த மூன்று கிழமைகளைத்தான் சொல்வேன். அது என் பொய்யால் கிடைத்தது. அதைத்தான் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லாதிருந்தால் அந்தக் குரல் என் காதுக்கு வந்திருக்காது. சொன்னதால் அது பிறகு வரவேயில்லை.

நவராத்திரிக்கு எடுக்கும் வாணி விழா பள்ளிக்கூட மண்டபத்தில் பகலில் நடந்தது. நான் எழும்பிக் குழலை வாயில் வைத்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் வரியில் சிரிப்பு அடங்கியது. அவள் என்னைப் பழக்கியிருந்தாள், நான் வழுக்கினேன், விழவில்லை. கைதட்டினார்கள். அவல் கடலை பரிமாறும்போது ஆசிரியர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பெண் ஆசிரியர்களுடன் எனக்கு நேரெதிரே கதிரையில் இருந்தாள்.

"மாஸ்டர், உதை ஆரிட்டைப் பழகினியள்?" என்று ஒரு ஆசிரியை கேட்டார்.

அந்தக் கேள்வி வந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. கொஞ்சம் வெட்கமாக, கையிலிருந்த அவலை அப்படியே வைத்துக்கொண்டு, பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று எதிர்பார்க்கும் பிள்ளையைப் போலப் பார்த்தாள். விறாந்தையில் நான் சொன்னது வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்ய ஒரு இடம் வரும் என்று மூன்று கிழமையும் காத்திருந்திருக்கிறாள். 'இவதான் பழக்கினவ' என்று மட்டும் சொன்னால் போதும். அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"நானாத்தான் பழகினது" என்றேன்.

அவள் அவலைத் தின்னத் தொடங்கினாள்.

வீட்டுக்குச் சைக்கிளில் வந்தோம். கொக்குவில் தாண்டியதும், "நிப்பாட்டுங்கோ, நான் நடந்து வாறன்" என்று பின்னாலிருந்து சொன்னாள். நான் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் குழலை என் மேசையில், கணக்குக் கொப்பிகளுக்கு மேலே வைத்தாள்.

"உங்கடை சாமான் கிடக்கு."

அதன்பின் அவள் அதைத் தொடவில்லை. ஒரு மாதம் கழித்து நான், "கிணத்தடியிலை நிண்டு ஒருக்கா வாசியுமன்" என்று கேட்டேன்.

"வாசிச்சால் சனம் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லுறது? நல்லாயிருக்கெண்டு சொல்லும்."

"மாஸ்டர் நல்லா வாசிக்கிறார் எண்டு சொல்லும்" என்றாள்.

அதுதான் நான் செய்தது. குழலை மட்டும் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இனி அவள் எவ்வளவு வாசித்தாலும் அது என் கணக்கில்தான் சேரும். எதிர்வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஒழுங்கையைக் கடக்கும் போதெல்லாம் தெரியும். "ஏன் மாஸ்டர் இப்ப வாசிக்கிறேல்லை?" என்று நாதஸ்வரக்காரர் கேட்பார். "பள்ளிக்கூட வேலை கூட அண்ணை" என்பேன். இப்படி நான்கு வருடத்துக்கு மேல் போனது. எங்கள் வீட்டில் சண்டை இல்லை. அவள் என்னோடு நன்றாகவே இருந்தாள், சமைத்தாள், சிரித்தாள், குண்டுவீச்சுக்குப் பதுங்கிய பங்கருக்குள் இருந்து பகிடி விட்டாள். தேவாரம் பாடும்போது வாயை அசைத்தாள்.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முடியும் சமயத்தில், இராணுவம் நெருங்கிவர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் எழும்பிக் கிழக்கே நடந்தது. நாங்களும் எதிர்வீட்டுக் குடும்பமும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டோம். போக இடமில்லை என்று அவர்கள் நின்றபோது, "எங்கடை அம்மா வீடு கிடக்கு, வாங்கோ" என்று கூட்டிவந்தவள் அவள். மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்துக் கூட்டத்துக்குள் நசுங்கி, தென்மராட்சியில் அவளுடைய தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஈரச் சேட்டைக் கழற்றிப் பிழியும்போது பொக்கற்றிலிருந்து குழல் விழுந்தது.

"உதையோ கொண்டு வந்தனீங்கள்?" என்றாள். "அரிசிச் சாக்கை வாசலிலை விட்டிட்டு வந்து உதையோ?"

அந்த வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம், விறாந்தையில் இரண்டு குடும்பம். மழை விடவில்லை. பிள்ளைகள் வெளியே போக வழியின்றி அடிபட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒரு காலையில் நாதஸ்வரக்காரரின் மனைவி பேரப்பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டு, "மாஸ்டர், உங்கடை குழல் இருக்குதெல்லே, எடுத்து ஒண்டு வாசியுங்கோவன், இதுகள் கொஞ்சம் வாயை மூடட்டும்" என்றார்.

எல்லோரும் இருந்தார்கள். அவளும் சுவரோடு சாய்ந்து ஈரத்துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உதை வாசிச்சது நான் இல்லை" என்றேன். "அண்டைக்கு நீங்கள் கேட்டதெல்லாம் இவ வாசிச்சது. எனக்குப் பழக்கினதும் இவதான். நான் பொய் சொன்னனான்."

நாதஸ்வரக்காரர் பெரிதாகச் சிரித்தார்.

"மாஸ்டர் மாமியார் வீட்டிலை வந்து நிண்டுகொண்டு பெண்சாதிக்கு ஐஸ் வைக்கிறார்!"

விறாந்தை முழுவதும் சிரித்தது. மாமியார்கூடச் சிரித்தார். "இல்லை அண்ணை, உண்மையாத்தான்" என்றேன். "ஓமோம், உண்மைதான்" என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். உண்மையைச் சொன்னால் தீரும் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. மனைவியை உயர்த்திப் பேசும் நல்ல மனுசன் என்ற பெயர்தான் எனக்கு இன்னும் ஒன்று கிடைத்தது.

நான் அவளைப் பார்த்தேன். துணியை மடிப்பதை விடவில்லை.

"ஊர் எல்லாம் வீடு வாசலை விட்டிட்டு நிக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "உங்களுக்கு இப்பதான் நேரம் வந்ததோ?"

"நீர் ஒருக்கா வாசிச்சால் நம்புவினம்."

"நம்ப வைக்கிறதுக்கு வாசிக்கவோ? உங்கடை பொய்யைத் தீர்க்கவும் நான்தானோ வாசிக்க வேணும்?"

குழலை அவளுக்குப் பக்கத்தில், மடித்த துணியின் மேல் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். நல்ல தண்ணீர்க் கிணறு அடுத்த ஒழுங்கையில். அங்கே நீண்ட வரிசை. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகையில் வேலிப் படலைக்கு அருகே வந்ததும் அந்த இரைச்சல் கேட்டது.

ஊஞ்சல் பாட்டு மெட்டு. குசினியில் கிடந்த வெங்காயத்தில் ஒரு சவ்வு எடுத்துப் பூட்டியிருக்க வேண்டும். நடுவில் பிள்ளைகளின் சிரிப்பு. யாரோ, "அடி ஆத்தை, உண்மைதான்!" என்றார்கள். நாதஸ்வரக்காரர் வாயால் தாளம் சொல்வது கேட்டது. நான் வாளியை வைத்துவிட்டு வேலியோடு நின்றேன். மழை தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மெட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. பொறுக்க முடியாமல் படலையைத் திறந்தேன். அவள் என்னைக் கண்டாள். குழலை வாயிலிருந்து எடுத்தாள். "தண்ணி வந்திட்டுது, தேத்தண்ணி வைப்பம்" என்று எழும்பிப் போனாள்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. நான் வீட்டில் இருந்தால் அவள் குழலை எடுப்பதில்லை. நான் வெளியே போனால் வாசித்தாள். அவள் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் எனக்கு வேலை கண்டுபிடித்தார்கள். "மாஸ்டர், சங்கக்கடையிலை மா வந்திட்டுதோ எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோவன்." நாதஸ்வரக்காரர், "இண்டைக்குச் சந்தைப் பக்கம் போகேல்லையோ?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்பார். பிள்ளைகளுக்கு நாகரிகம் தெரியாது. என்னிடம் நேரே வந்து, "மாமா, எப்ப வெளியிலை போவியள்?" என்றார்கள்.

போவேன். போவது போல் போய்ப் படலைக்கு வெளியே வேலியோடு நின்று கேட்பேன். கிடுகு வேலியின் இடுக்கால் அவள் தெரியமாட்டாள், சத்தம் வரும். இதாவது கிடைத்ததே என்று நினைத்தேன். எனக்குத் தண்டனை போதும் என்றும், இது அவளுக்குத் தெரியாது என்றும் நினைத்தேன்.

ஒருநாள் பின்னேரம் மழை விட்டிருந்தது. சைக்கிளை எடுத்தேன். அவள் துவாய் ஒன்றைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள்.

"போறதெண்டால் போட்டு வாங்கோ" என்றாள். குரலில் கோபமில்லை, எனக்குச் சோறு போடும்போது இருக்கும் அதே குரல். "ஆனால் படலையடியிலை நிக்காதேங்கோ. நீங்கள் நிக்கிறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னாலை வாசிக்க ஏலாமல் கிடக்கு."

சரி என்று தலையசைத்தேன். ஒழுங்கை முடிந்து, பிள்ளையார் கோயில் தாண்டி, வயல் தொடங்கும் இடம்வரை சைக்கிளை மிதித்தேன். அங்கே மதகில் இருந்தேன். தவளைகள் கத்தின. எவ்வளவு நேரம் கொடுத்தால் அவளுக்குப் போதும் என்று தெரியவில்லை. இருட்டுப்பட்டதும் எழும்பி, தூரத்திலேயே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு திரும்பினேன்.

அங்கிருந்த மிச்ச நாளெல்லாம் அப்படித்தான் போனேன். வேறெதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.